இராக்கம்மாவின் முகம்

"நாலு ஞாயித்துக்கெழம எம் பொஞ்சாதிய உக்கார வச்சியே புள்ள, அவ படம் எங்க?" என்றார் இராசையா.

தானாகவே ஓவியம் கற்றுக்கொண்ட துஷாந்தினி, பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களை வரைந்து சுவரில் மாட்டியிருந்தாள். இராசையா சம்மதித்தால்தான் அவர் மனைவி இராக்கம்மாவின் படம் பதுளைக் கண்காட்சிக்குப் போகும்.

"உங்க முன்னால இருக்கிறதுதான் மாமா."

தேயிலைச் சாயத்தைக் காயவிட்டுக் காயவிட்டுப் பூசினால்தான் உடல் நிறம் பிடிக்கும். அதற்கே நான்கு வாரம்.

"கண்ண மூடிக்கிட்டிருக்க இவளா? இது வேற யாரோ. நெத்தியில ஒரு சுருக்கம்கூட இல்லையே!"

"உக்காந்ததுமே தூங்கிட்டாங்க மாமா. நாலு வாரமும் அப்புடித்தான்."

இராசையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார்.

"கொண்டு போ புள்ள" என்றார். "நான் படுக்கையிலயும் அடுப்படியில நிப்பா, எந்திரிக்கையிலயும் அங்கதான் நிப்பா. முப்பது வருசத்துல அவ தூங்கி நான் பாத்ததே இல்ல."