பின்னால் நின்றவள்

“அக்கா, சீக்கிரம் போங்க. அந்தம்மா உங்க வீட்டுப் பக்கம்தான் திரும்புது.”

சொன்னது பக்கத்து வீட்டுச் செம்மொழி. தெருமுனையில் காயும் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த கலைமகள், போட்டது போட்டபடி ஓடினாள்.

குத்தாலத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊரில் ஒரு வாரமாக இதே பேச்சு. போன மாதம் ரிட்டயரான நர்ஸ் தர்மாம்பாள் உச்சி வெயிலில் தனியாக வருகிறாள். அதுவும் இரண்டு வயதுப் பிள்ளைகளாகப் பார்த்து, பின்னால் சத்தமில்லாமல் போய் நிற்கிறாள். முந்தானையிலிருந்து சின்ன மணியை எடுத்து ஆட்டுகிறாள். பிள்ளை திரும்பிப் பார்த்து வீறிட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறாள். பிள்ளைகளின் வாயைக் கட்டுகிறாள் என்றார்கள். வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்தால் விடுமா?

கலைமகளால் அதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. அவள் மகன் பரணிக்கும் இரண்டு வயது ஆகப்போகிறது. இன்னும் ‘அம்மா’ என்று கூப்பிட்டதில்லை.

வாசல் மணலில் பரணி குழி பறித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், தொட்டுவிடும் தூரத்தில் தர்மாம்பாள். மணி கிணுகிணுத்தது. மறுபடியும் கிணுகிணுத்தது. அவன் நிமிரவேயில்லை. தர்மாம்பாளின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

கலைமகள் பாய்ந்து பிள்ளையை வாரிக்கொண்டாள். “எம் புள்ளைய என்ன பண்ணுனீங்க? கல்லு மாதிரி உக்காந்திருக்கான்.”

“நாளைக்கே இவனைத் தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போகணும், தாயி. காது டாக்டர்கிட்ட.”

“காதுக்கு என்ன? இவன் பொறந்து நான் கொரோனா வார்டுல கிடந்தப்ப, நீங்கதானே வீட்டுக்கு வந்து டெஸ்ட் பண்ணி, காது நல்லா கேக்குதுன்னு தடுப்பூசி அட்டையில எழுதுனீங்க? அந்த எழுத்தை நம்பித்தானே, பேச்சு மெதுவா வரும்னு இத்தனை நாளா காத்துக்கிட்டிருக்கேன்.”

தர்மாம்பாள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப பயத்துல நான் எங்க வீட்டு வாசப்படியைத் தாண்டவே இல்லம்மா. அந்த லாக்டவுன்ல இந்த ஊர்ல பொறந்த பதினோரு புள்ளைக்கும் பார்க்காமலே அப்படித்தான் எழுதினேன். இந்த ஒரு வாரத்துல பத்துப் புள்ளைங்க திரும்பிப் பார்த்துடுச்சுங்க.”