மரியாதையாக வந்த மெயில்

திரையில் என் அப்பாவின் பெயரில் ஒரு மெயில். எதிரே நாற்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

சிரிக்க வைத்தது நான்தான்.

மோசடி மெயிலை எப்படிக் கண்டுபிடிப்பது, யாரிடம் புகார் செய்வது என்று இந்தக் கம்பெனியில் பாடம் எடுப்பது என் வேலை. கிடங்கு முதல் மேலாளர் அறை வரை எல்லோருக்கும் நான் ‘அமுக்காதீங்க அக்கா’. தெரியாத லிங்க்கை அமுக்காதீங்க, அமுக்காதீங்க என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதில் ஒட்டிக்கொண்ட பெயர்.

வழக்கமாகக் காட்டும் லாட்டரி மெயில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. திங்கட்கிழமை என் சொந்த முகவரிக்கே ஒன்று வந்து விழுந்தால் விடுவேனா? உடனே புகார் கொடுத்தேன். அனுப்பிய முகவரியை முடக்கினேன். மெயிலை மட்டும் இன்றைய வகுப்புக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்பு மகளுக்கு. நீங்கள் நலமா?

நடந்ததற்கு மன்னிக்கவும்.

வியாழன் பதினொரு மணிக்கு எனக்கு இதய அறுவை சிகிச்சை. அதற்கு முன் நீங்கள் வந்தால் நிம்மதி.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம். வழி தெரிய கீழே அழுத்தவும்.

“எங்கப்பா என்னை நீங்கன்னு கூப்பிட்டிருக்காராம்! இதுக்கு மேல உங்களுக்கு என்ன சாட்சி வேணும்?” என்றேன்.

அறையே அதிர்ந்தது.

பின்னே? பிறந்ததிலிருந்து ‘டி’ போடாமல் என்னிடம் ஒரு வாக்கியம் பேசியறியாத மனுஷன் அவர். மன்னிப்பா? அவரா? கல்யாணத்துக்கு வராதது போகட்டும், நான் கட்டிக்கொண்டவரை என் காதுபட நொண்டி என்று சொன்னவர். அன்றைக்கு அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தவள்தான். ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணனும் அவர் பக்கம்.

அதனால் துளிக்கூடத் தயங்காமல் தோலுரித்தேன். எப்படி அவசரப்படுத்துகிறான் பாருங்கள் என்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்பது பழைய தந்திரம் என்றேன். முதல் நாலு வரியிலேயே திருடன் கையும் களவுமாக மாட்டிக்கொள்வான், மிச்சத்தைப் படித்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னேன்.

நானும் மிச்சத்தைப் படித்திருக்கவில்லை.

கீழே லிங்க்கைக் காட்டுவதற்காக மெயிலை மேலே தள்ளினேன். கடைசி வரிசையில் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். மற்றவர்கள் அடுத்த சிரிப்புக்குக் காத்திருக்க, அவள் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

“அக்கா, லிங்க்குக்குக் கீழ மாப்பிள்ளைன்னு போட்டிருக்கே, அது யாரு? அவர் காலுக்கு என்ன?”

திரும்பிப் பார்த்தேன்.

மருத்துவமனை முன்வாசலில் எட்டுப் படி இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கால் சிரமம். பின்வாசலில் படி இல்லை, சரிவாகத்தான் இருக்கிறது. நானே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த வரிகளை மறுபடியும் படித்தேன்.

எந்தத் திருடனுக்கு என் வீட்டுக்காரரின் காலைப் பற்றித் தெரியும்? எந்தத் திருடன் நெஞ்சு வலியோடு எழுந்து போய் வாசற்படியை எண்ணுவான்?

ஐயோ, அப்பா.

சந்தேகம் வந்தால் புகார் கொடுங்கள், கையோடு தெரிந்த நம்பருக்குக் கூப்பிட்டு விசாரியுங்கள். இதுதான் என் பாடத்தின் அடுத்த பக்கம். வருடத்துக்கு இருபது தடவை இதைச் சொல்கிறேன். அப்பாவின் நம்பர் எனக்கு மனப்பாடம். திங்கட்கிழமை ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும். வீம்பு விடவில்லை. என் நம்பரையோ நான் எப்போதோ மாற்றிவிட்டேன். அவர் கையில் மிஞ்சியிருந்தது இந்த மெயில் முகவரி மட்டும்தான்.

இன்று வியாழன். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை.

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நம்பரை அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

யாரோ தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். வாங்கத் தோன்றவில்லை. முடக்கிய முகவரிகளிலிருந்து வருவதெல்லாம் போய் விழும் குப்பைப் பெட்டி ஒன்று என் மெயிலில் உண்டு. யாரும் எட்டிப் பார்க்காத இடம். திரையை அணைக்கக்கூட மறந்து அதைத் திறந்தேன்.

ஒன்று கிடந்தது. இன்று காலை ஆறு மணிக்கு அதே முகவரியிலிருந்து வந்தது. லிங்க் இல்லை, மன்னிப்பு இல்லை, ஒரு வரிதான். பேக்கிங் பெண் என்னை முந்திக்கொண்டு அதை வாய்விட்டுப் படித்துவிட்டாள்.

“எங்கடி இருக்கீங்க ரெண்டு பேரும்?”