உள்ளங்கை அளவு மேய்ச்சல் நிலம்

விமர்சகருக்கு ஒரு வாரமாகத் தலைவலி. மனைவி இழுத்து வந்திராவிட்டால் ஆஸ்பத்திரிப் படியையே மிதித்திருக்க மாட்டார்.

"ஒரு மாத்திரையை எழுதிக் குடுங்கம்மா. நாலு மணிக்கு ஓவியக் கண்காட்சியைத் திறந்து வைக்கணும். ஊரே எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

டாக்டரம்மா அவர் கண்களில் டார்ச் அடித்துப் பார்த்தார். மேஜையிலிருந்த சின்னப் பென்சில் ஓவியத்தை எடுத்து நீட்டினார்.

"இது எப்படி இருக்கு, சொல்லுங்களேன்."

கேட்க வேண்டுமா! விமர்சகர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டார்.

"கோட்டைப் பாருங்க. மரம் ஒரே இழுப்புல வந்திருக்கு. அடியில படுத்திருக்கிற மாட்டுக்கு முதுகு ஒரே ஒரு வளைவுதான். சுமாரான ஆளா இருந்தா முடி முடியா வரைஞ்சு கெடுத்திருப்பான்."

"அமைப்பு?"

"அதுலதான் இவன் மன்னன்! எல்லாத்தையும் வலது பக்கம் ஒதுக்கிட்டு, இடது பாதியை அப்படியே வெள்ளையா விட்டிருக்கான். என்ன துணிச்சல்! அந்த வெறுமையைப் பத்தியே ஒரு புத்தகம் எழுதலாம்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "இடது பக்கம் ஒண்ணுமே இல்லையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"முப்பது வருஷமாப் படம் பாக்கற கண்ணும்மா இது. உங்களுக்கெல்லாம் வெறுமையை ரசிக்கத் தெரியாது."

மனைவி எட்டிப் பார்த்தார். இடது பாதியில் ஒரு குடிசை, வேலி, ஓடை, கோலூன்றி நின்ற இடையன், அவனைச் சுற்றி ஏழு ஆடுகள்.

"என்னங்க…" என்று அந்த ஆடுகளை நோக்கி விரலை நீட்டினார்.

டாக்டரம்மா அவரைக் கையமர்த்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். "ஸ்ட்ரெச்சர் அனுப்புங்க. மூளை ஸ்கேனுக்கும் சொல்லிடுங்க. உடனே."

படத்திலிருந்து கண்ணெடுக்காமலே கேட்டார் விமர்சகர்: "அடப் பாவமே, யாருக்கும்மா?"