முந்திரிக்கொட்டை வயலின்

அயோவாவில் பள்ளி ஆர்க்கெஸ்ட்ரா ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சி. காலை முழுக்கப் புதுப் பாடல்களைக் கட்டுக் கட்டாக வாசித்துத் தள்ளிய களைப்பில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சியாளர் வெஸ்லி ஓர் ஒலிப்பதிவைப் போட்டார்.

"கேட்டுட்டு, என்ன குறைன்னு தைரியமா சொல்லுங்க."

வயலின் ஆசிரியை லோர்னாவுக்குத் தைரியம் சொல்லியா தரவேண்டும்?

"சுருதியே சேர்க்கலை. முன்னாடி நின்னு கோல் அசைக்கிற கண்டக்டரை ஒருத்தரும் பார்க்கலை. ஏழாம் வகுப்புப் பிள்ளைங்கதானே?"

"செல்லோ வாசிக்கிறதுங்க தூங்குதுங்க," என்றார் பக்கத்திலிருந்த செல்லோ ஆசிரியர் டுவைட்.

"அதை விடுங்க டுவைட். ஒரு வயலின் முந்திரிக்கொட்டை மாதிரி எல்லாருக்கும் முன்னாடி நுழையுது பாருங்க! அதைப் பிடுங்கிட்டு, கையில ஒரு மணியைக் கொடுத்து ஓரமா நிறுத்தணும். இதுங்களுக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் யாரோ!"

அரங்கமே சிரித்தது. வெஸ்லி சிரிக்கவில்லை. பாட்டு முடிந்தும் பதிவை நிறுத்தவில்லை.

நாற்காலிகள் நகரும் சத்தம். பிறகு ஒரு பெண்குரல் கலகலவென்று சிரித்தது.

"ஐயோ, நான்தான் முதல்ல நுழைஞ்சிட்டேனா? மன்னிச்சுக்குங்க மிஸ்டர் வெஸ்லி, காலையில குடிச்ச காபி இன்னும் வேலை செய்யலை!"

லோர்னாவின் குரல். அன்று காலை அவர்களே வாசித்த பாட்டு.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"தூங்கினது நான்தான்," என்று முனகினார் டுவைட்.

லோர்னா காது மடல் சிவக்கத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெஸ்லி மெதுவாகக் கேட்டார்: "இது முதல் பாட்டுதான். அடுத்ததைப் போடட்டுமா?"