மச்சானின் ஆரஞ்சு ஜாக்கெட்

"கழட்டுய்யா அந்த ஜாக்கெட்டை!"

நான் கத்தின கத்துல வெர்லின் மச்சான் கையிலிருந்த காபி தளும்பிப் போச்சு.

பின்னே என்ன? ஒன்பது நாள் மான் வேட்டை சீசன்ல எட்டு நாள் போயாச்சு. ஒரு மான் கண்ணுல படல. ஆகஸ்ட்ல பேப்பர் மில்லை மூடினதுலேருந்து எனக்கு வேலை கிடையாது. வீட்டுல ஃப்ரீசர் காலி. விஸ்கான்சின் குளிரை ஒரு மான் கறி கூட இல்லாம எப்படித் தள்றது?

இன்னும் விடியல. கேபின் விளக்கை அணைச்சுட்டு, நேத்து தபால்ல வந்த புற ஊதா டார்ச்சை வேட்டையில ஒருத்தரை ஒருத்தர் சுட்டுடக்கூடாதேன்னு நாங்க போடுற ரெண்டு ஆரஞ்சு ஜாக்கெட் மேலயும் அடிச்சேன். என்னுது செத்த மாதிரி கிடந்தது. மச்சான் மேல இருந்தது திருவிழா கணக்கா நீலமா ஜொலிச்சது.

"பார்த்தியா? மானுக்கு ஆரஞ்சு தெரியாது. ஆனா வெளுப்பு வர்றதுக்காக சோப்புல போடுறாங்களே, அது மட்டும் நீலமா பளிச்சுனு தெரியும்! படிச்சுப் படிச்சு சொன்னேனே, வேட்டைத் துணிக்குன்னு தனி சோப்பு இருக்குன்னு!"

"இவ்வளவு பெரிய காட்டுல, மான் என் துணியையா மாப்ள பார்த்துக்கிட்டு நிக்குது?"

"வாயை மூடு மச்சான். எட்டு நாளா நீதான் விரட்டியிருக்கே. எதுல துவைச்சே?"

மச்சான் தலையைச் சொறிஞ்சார். "ஏதோ வீட்டுல இருந்த சோப்பு."

"ஏதோவா? உன் கூடப் பிறந்தவதானே என் பொண்டாட்டி கொரின்? நான் சொன்னேன்னு தனி சோப்பு வாங்கி மூணு தண்ணில அலசிக் கொடுத்திருக்கா. அவகிட்டப் போய்ப் படிச்சுக்க!"

மச்சான் குனிஞ்சு பூட்ஸ் கயிறைக் கட்ட ஆரம்பிச்சார். அதுவே எனக்கு இன்னும் எரிச்சல்.

அன்னைக்கு மேட்டுப் பரண் அவர் முறை. மான் ஏறி வர்ற வழியே அதுதான். "அங்கே நான் உட்கார்றேன். நீ கீழே சதுப்பு ஓரமா எங்கேயாவது போய் ஜொலிச்சுக்கிட்டு இரு"ன்னேன்.

"சரி மாப்ள"ன்னுட்டு துப்பாக்கியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். மானம் ரோஷம் உள்ளவனா இருந்தா திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருப்பான்.

பரண்ல ஏறி உட்கார்ந்தா என் மேலேயே மாட்டுக்கொட்டகை நாத்தம். மச்சானுக்கு அறுபது கறவை மாடு. ரெண்டு ஜாக்கெட்டையும் பக்கத்துப் பக்கத்து ஆணியில மாட்டினதுல என்னுதுலயும் ஒட்டிக்கிச்சு போலிருக்குன்னு அதுக்கும் சேர்த்து அவரைத் திட்டினேன்.

எட்டரை இருக்கும். சதுப்புப் பக்கத்துலேருந்து ஒரு ஆண் மான் அசைஞ்சு அசைஞ்சு மேட்டுல ஏறி வந்துச்சு. ஒரே வெடி. விழுந்துடுச்சு.

சத்தம் கேட்டு மச்சான் மூச்சு வாங்க ஏறி வந்தார். எனக்குத் தலை கால் புரியல.

"பார்த்தியா? ஜொலிக்காத துணி போட்டவன்கிட்டத்தான் மான் வரும்! இப்பவாவது ஒத்துக்க!"

"நல்ல மான் மாப்ள. என் முன்னாடி பத்தடியில நின்னு அஞ்சு நிமிஷம் பனியைக் கிளறிப் புல் மேய்ஞ்சுட்டுத்தான் இங்கே ஏறிச்சு."

"பொய்! அந்த வெளிச்சத்தைப் பார்த்தா அது தலைதெறிக்க ஓடியிருக்கும். அப்படியே நின்னுதுன்னா நீ ஏன் சுடல?"

"என் ஃப்ரீசர்ல இடமில்லை."

"கதை விடாதே!"

குடலை எடுக்கணுமேன்னு ஜாக்கெட்டைக் கழட்டினேன். பனி மேல மல்லாக்க விழுந்தது. காலருக்கு உள்பக்கம் கறுப்பு மையில பேர் எழுதியிருந்தது. வெர்லின்.

தள்ளுபடியில ஒரே அளவுல ரெண்டு ஜாக்கெட் வாங்கி, மாறிடக்கூடாதேன்னு பேர் எழுதிக் கொடுத்தவளே கொரின்தான்.

எட்டி மச்சான் காலரைப் பிடிச்சுத் திருப்பினேன். கொரின் கையெழுத்து. ஆர்லன். என் பேர்.

"நீ ஏன்யா என் ஜாக்கெட்டைப் போட்டே?"

"நேத்து சாயந்திரம் நீ விறகு எடுக்கப் போனியே, அப்ப சும்மா டார்ச்சை அடிச்சுப் பார்த்தேன். உன்னுதுதான் ஜொலிச்சது. கொரின் அசதியில வீட்டு சோப்புலயே போட்டிருப்பா. என்னுது வாங்கின நாள்லேருந்து தண்ணியே பார்த்ததில்லை, அது எங்கே ஜொலிக்கும்? அதான் ஆணி மாத்தி மாட்டினேன்."

"அதை என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? காலையில அத்தனை பேச்சு பேசினேனே, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

மச்சான் கத்தியை எடுத்து மான் பக்கத்துல மண்டி போட்டார். என் முகத்தைப் பார்க்கல.

"போன வருஷம் உன் பையில ஈர சாக்ஸை எடுத்து வச்சுட்டாள்னு, கேபின் வாசல்ல நின்னு ஃபோன்ல அவளை அந்தக் கத்து கத்தினே. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கத்தணும்னா என்னைக் கத்து மாப்ள. நான் மாட்டோட கிடக்கிறவன், எனக்கு உறைக்காது. அவளுக்கு இது ஏழாம் மாசம்."