சம்பளச் சீட்டில் ஓர் எழுத்து

ஏப்ரல் பிறந்தால் தேசியக் காப்பீட்டு விகிதங்கள் மாறும். இங்கிலாந்தின் போல்டன் பிஸ்கட் ஆலையில் சம்பளம் போடும் பெவர்லி, கணினியில் புது விகிதங்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். பேக்கிங் பிரிவு டோரீன் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“பெவர்லி, என் பேருக்கு நேரா இருக்குற காப்பீட்டு எழுத்து ‘ஏ’வை மட்டும் மாத்திடாதடி.”

“இந்த மாசம் உனக்கு அறுபத்தாறு முடியுதே! பென்ஷன் வயசு வந்துட்டா ‘சி’தான். காப்பீட்டுப் பிடித்தமே கிடையாது. கையில கூட வந்தா கசக்குதா?”

“ஆயுசுக்கும் பிடிச்சுக்கோ, பரவாயில்ல! கிளிஃப்கிட்ட எனக்கு அம்பத்தொன்பதுன்னு சொல்லியிருக்கேன். அவருக்கே அறுபதுதான். ஜூன்ல கல்யாணம்.”

கிளிஃப் கிடங்கில் வேலை பார்ப்பவர், தொழிற்சங்கக்காரர். சீட்டில் எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று ஆலைக்கே பாடம் எடுப்பவர்.

“என் சீட்டைப் பார்த்தா அடுத்த நிமிஷமே கண்டுபிடிச்சிடுவாரு. ஏமாத்துக்காரின்னு விட்டுட்டுப் போயிடுவாரு,” என்றாள் டோரீன்.

“சட்டம்டி. நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

பெவர்லி திரைக்குத் திரும்பினாள். ‘சி’ பட்டியல் திறந்தே இருந்தது. அதில் கிளிஃபின் பெயர் மூன்று வருஷமாக இருக்கிறது. ஒருவர் விவரத்தை இன்னொருவரிடம் சொன்னால் அவள் வேலை போய்விடும்.

“பேசாம சீட்டை நீயே அவருகிட்ட காட்டிடு,” என்றாள். “காட்டின கையோட, அவரு சீட்டையும் கேட்டு வாங்கிப் பாரு.”