இடது பெடல்

மத்தியான வெயில் கார் ஷெட்டின் பாதித் தரைவரை வந்து நிற்கிறது. பதினெட்டு வருடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த மலைச் சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கிறது. உப்புத்தாள் பட்ட இடமெல்லாம் பளபளக்க, மற்ற இடமெல்லாம் துரு. நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா, கம்பி வைத்துத் தைத்த வலது காலை நீட்டியபடி, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, புதுசு மாட்டுவதற்காக இடது பெடலைக் கழற்றப் போராடுகிறாள். அவளைக் கேட்காமலே பழைய இரும்புக்காரரைக் கூட்டி வந்திருக்கிற தம்பி, அவள் தலைக்கு மேல் நின்று பேசிக்கொண்டே இருக்கிறான்.

"உன் நல்லதுக்குத்தான்க்கா சொல்றேன். இந்தக் காலை வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு சைக்கிள்?"

அவள் ஸ்பேனரை வலப்பக்கமாக அழுத்துகிறாள்.

"அதுவும் தப்பாத் திருப்பற. இன்னும் இறுகத்தான் செய்யும்."

"இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம்" என்கிறாள், நிமிராமல்.

"அம்மா சொல்றது சரிதான் சார்" என்று இரும்புக்காரர் மெதுவாகச் சொல்கிறார்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பின் பாரம் முழுவதையும் ஸ்பேனரில் இறக்குகிறாள். கழுத்து நரம்பு புடைக்கிறது. தம்பி உதவிக்கு நீட்டும் கையை முழங்கையாலேயே தள்ளிவிடுகிறாள். கிறீச்சென்று ஒரு சத்தம். துருத்தூள் அவள் மடியில் கொட்டுகிறது. அதற்கப்புறம் பெடல் விரலாலேயே சுழன்று கழன்று வருகிறது. அவள் அதைப் புடவையில் துடைத்து, தம்பியைத் தாண்டி இரும்புக்காரரிடம் நீட்டுகிறாள்.

"இந்த வீட்ல பழைய இரும்பு இது ஒண்ணுதான். எடுத்துட்டுப் போங்க."